காலை ஏழு மணிக்குப் பார்த்தால் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க எங்களை அழைத்துப்போனார்கள். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. டிசம்பரில் அமெரிக்காவின் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு, ரேடியோ வானியலில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பித்தேன். கட்டணத்துக்காக என் அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது.

பிப்ரவரியில் இரண்டு இடங்களிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. மற்ற நான்கிலிருந்து எதுவும் வரவில்லை. அவற்றில் ஒன்றிலிருந்து என் கல்லூரித் தோழிக்கு நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி வரை போய், பனியில் நின்று மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு வருகிறேன். பிறகு தூக்கம் இல்லை. கடைக்குப் போனால் "அமெரிக்கா எப்போது?" என்று கேட்கிறார்கள். அப்பா மட்டும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்குத் தகுதி இல்லையா? பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்கலாமா? இந்த நாட்களை எப்படிக் கடப்பது?

ச.

*

அன்புள்ள ச.,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கவலை தந்தது அந்தத் தண்ணீர்த் தொட்டிதான். நானும் இதே மலையில், குன்னூரில் இருக்கிறேன். மார்ச் பிறந்தும் இரவுக் குளிர் விடவில்லை. உங்கள் கேள்விகளுக்கு வருமுன் அந்த நடுஇரவு நடையை நிறுத்த வேண்டும். அதற்குப் பெரிய மன உறுதி எதுவும் வேண்டாம், ஒரு சிறிய கணக்கு போதும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு ஏழரை. மேற்குக் கரையில் மாலை ஐந்து மணிக்கு மூடும்போது நமக்கு மறுநாள் காலை ஆறரை. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அதன்பின் அது ஐந்தரை ஆகிவிடும். ஆகவே காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை பார்த்தால், அங்கே அன்றைய வேலை நாளில் அனுப்பப்பட்டது எதுவாக இருந்தாலும் வந்து சேர்ந்திருக்கும். (ஹவாய்க்கு விண்ணப்பித்திருந்தால் மட்டும் எட்டரை வரை பொறுங்கள். வானியல் மாணவர்கள் அங்கேயும் விண்ணப்பிப்பது உண்டு என்பதால் சொல்கிறேன்.) ஞாயிறு, திங்கள் காலைகளில் பார்க்கவே வேண்டாம். அங்கே கழிந்தது விடுமுறை நாள். அபூர்வமாக ஏதேனும் வந்திருந்தாலும் அது செவ்வாய் வரை அப்படியே இருக்கும். அழைப்பாக இருந்தாலும் பதில் சொல்ல நாட்கணக்கில் அவகாசம் தருவார்கள். படுக்கப் போகும்போது கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். "இல்லை" என்ற பதில் வரத்தான் போகிறது என்றால், அதை இருட்டில் தனியாக நின்று படிக்க வேண்டாம். காலையில் அடுப்படியில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள். செய்தி மாறாது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் உடம்பும் மனமும் வேறு நிலையில் இருக்கும்.

இனி, அந்த நான்கு இடங்களின் மௌனம். இப்படிப்பட்ட தேர்வுக் குழுவில் பல வருடங்கள் இருந்த நண்பர் ஒருவர் அங்கே நடப்பதை எனக்கு விளக்கியிருக்கிறார். விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர்தான். வகுப்பு எடுத்து, தங்கள் ஆய்வையும் பார்த்து, மிஞ்சும் நேரத்தில் படிக்கிறார்கள். இயற்பியல், வானியல் போன்ற துறைகளில் பிஎச்.டி. இடம் தருகிறார்கள் என்றால், கல்விக் கட்டணத்தைத் தள்ளி மாதச் சம்பளமும் தந்து, ஐந்தாறு வருடங்களுக்கு ஒருவரைத் தாங்குவதாகப் பொதுவாகப் பொருள். அதனால் இடங்கள் எண்ணிக்கொடுக்கப்படுகின்றன. உங்கள் விருப்பத் துறையில் வேலை செய்யும் பேராசிரியரிடம் அந்த வருடம் ஆய்வு நிதி தீர்ந்திருக்கலாம். அவர் நீண்ட விடுப்பில் போகலாம். போன வருடமே இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வருடம் யாரும் வேண்டாம் என்றிருக்கலாம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி நிச்சயமற்றுப் போனபோது, சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, சில துறைகள் நிறுத்தியே வைத்தன. அந்த வருடம் விண்ணப்பித்த பிள்ளைகளின் தகுதி திடீரென்று குறைந்துவிடவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த மௌனத்தில் உங்கள் தகுதியைப் பற்றிய செய்தி எதையும் தேடாதீர்கள். அதில் அந்தச் செய்தி இல்லை. வந்துவிட்ட இரண்டு மறுப்புகளிலும்கூட அது மிகக் கொஞ்சம்தான் இருக்கும்.

நேர்காணல் விஷயத்தில் மட்டும் உங்களிடம் மழுப்ப விரும்பவில்லை. சங்க இலக்கியத்தின் முல்லைப் பாடல்களில் ஒரு தோழி வருவாள். கார்காலம் வந்துவிட்டது, திரும்பி வருவதாகச் சொன்னவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். இது கார் மழையே இல்லை, காலம் தவறிப் பெய்யும் மழை, இதை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சொல்வாள். அவளுடைய அன்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அளந்து பார்க்கப் படித்த பெண்ணிடம் நான் அப்படிப் பேசக்கூடாது. உங்கள் கல்லூரித் தோழிக்கு அழைப்பு வந்து உங்களுக்கு வராத அந்த ஓர் இடத்தில் உங்கள் வாய்ப்பு குறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்புகளை இரண்டு மூன்று சுற்றாக அனுப்பும் துறைகள் உண்டு என்பதால் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மற்ற மூன்று இடங்களைப் பற்றி நீங்களும் நானும் எதுவும் சொல்ல முடியாது. தோழியை வாழ்த்திவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே வாழ்த்துங்கள். தள்ளிப்போடப் போட அது கனமாகிவிடும்.

ஒரு தேதியை மட்டும் மனதில் வையுங்கள். ஏப்ரல் 15. அமெரிக்காவின் 'கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்' என்ற அமைப்பின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையொப்பமிட்டிருக்கும் பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் கொடுத்த மாணவரை அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்துவதில்லை. எல்லாப் பல்கலைக்கழகமும் அதில் இல்லை என்றாலும் ஏராளமானவை இருக்கின்றன. இதனால் நான்கைந்து இடங்கள் கிடைத்த மாணவர் ஒருவர் எல்லாவற்றையும் ஏப்ரல் வரை கையில் வைத்திருக்க முடிகிறது. அவர் விடும்போதுதான் காத்திருப்போர் பட்டியல் நகர்கிறது. ஏப்ரல் முதல் இரு வாரங்களில் திடீரென்று பதில்கள் வருவதற்கு இதுதான் காரணம். மார்ச் மாதத்தின் மௌனம் பல நேரங்களில், உங்களை எந்தப் பக்கமும் வைக்காமல் நிறுத்தி வைத்திருப்பதன் அடையாளம்.

முத்தோரையை நீங்கள் எழுதியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் அகலத்தில் கிடக்கும் அந்தத் தொலைநோக்கியைப் பார்த்த பிறகு ஒரு பிள்ளையின் மனம் வேறு எதில் நிற்கும்! அந்த இடத்தின் அட்சரேகை கிட்டத்தட்ட 11 பாகை. அதே அளவு சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் சரிவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்தார்கள். அதனால்தான் ஒரே அச்சில் சுழன்றபடி வானத்தின் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவர் என்பது தெரியுமா? 1961 செப்டம்பரில், வெளிநாடுகளில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், இந்தியாவுக்குத் திரும்பி வந்து ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்க விரும்புவதாக இங்கே எழுதினார்கள். ஸ்வரூப் அவர்களில் ஒருவர். அந்த வருடம்தான் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ஹோமி பாபாவிடமிருந்து குழுவை அமைக்க முடிவு செய்துவிட்டதாகத் தந்தி வந்தது 1962 ஜனவரியில். அதன் பிறகு 1970இல்தான் முத்தோரையில் தொலைநோக்கி தயாரானது.

அவருக்கு நல்லபடி முடிந்ததே, உங்களுக்கும் முடியும் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வித்தியாசம் என் கண்ணில் பட்டது. அந்த மாதங்களில் ஸ்வரூப் ஸ்டான்ஃபோர்டில் வேலையில் இருந்தார். சம்பளம் இருந்தது, காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. உங்களுக்கு அது இல்லை. உங்கள் பகலில் மின்னஞ்சலைத் தவிர வேறு எதுவும் இல்லாதபோது, மனம் இரவிலும் அங்கேதான் போய் நிற்கும். கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நேரம் இது. இயற்பியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் வீடுகள் இருக்கும். நாலு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். சங்கிலிக்கான வட்டியை உங்கள் கையால் கட்டுங்கள். அசலை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சங்கிலி உங்கள் நெஞ்சில் எவ்வளவு பாரமாகக் கிடக்கிறது என்பது உங்கள் ஒரு வரியிலேயே தெரிந்தது. அந்தப் பாரத்தை ஆறுதல் வார்த்தை இறக்காது, முதல் மாத வட்டி ரசீது கொஞ்சம் இறக்கும்.

அப்பாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகவும் வலித்த இடம் அது. அவர் கேட்காமல் இருப்பது, கேட்டால் நீங்கள் உடைந்துவிடுவீர்களோ என்ற பயத்தினால் என்று நினைக்கிறேன். நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். கோத்தகிரிப் பக்கத்து ஊர் என்றால் அப்பாவிடம் கொஞ்சமாவது தேயிலை இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவருக்கு இது உங்கள் பேராசிரியர்களைவிட நன்றாகப் புரியும். பச்சைத் தேயிலையைப் பறித்து, எடை போட்டு, ஆலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அதற்கு என்ன விலை என்பது குன்னூர் ஏலத்தில் தூள் விற்ற சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவித்த பிறகுதான் தெரிகிறது. கொழுந்தை நன்றாகப் பார்த்துப் பறித்த மாதத்திலும் விலை விழுவதுண்டு. தான் இல்லாத ஓர் அறையில் முடிவாகும் விலைக்குக் காத்திருந்தபடியே அடுத்த சுற்று பறிக்கப் போகிறவர்கள் நம் விவசாயிகள். அவரிடம் தேதியைச் சொல்லுங்கள், வந்த இரண்டு மறுப்புகளைச் சொல்லுங்கள், நான்கும் இல்லை என்று ஆனால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடையில் கேட்பவர்களுக்கு "ஏப்ரல் கடைசியில் தெரியும்" என்ற ஒரே பதில் போதும். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

நான்கும் இல்லை என்றால் என்ன என்பது கடிதத்தில் இல்லை. அதை எழுதி வைக்காததும் இரவு விழிப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். முத்தோரைத் தொலைநோக்கியை நடத்துவது, டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கீழ் புனேயில் இருக்கும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். நாராயண்காவ் பக்கத்தில் இருக்கும் பெரும் மீட்டரலைத் தொலைநோக்கியும் அவர்களுடையதுதான். அங்கேயே பிஎச்.டி. செய்யலாம். கோடைக்கானலில் 1901 முதல் சூரியனைப் பார்த்துவரும் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலும் செய்யலாம். இப்படிப்பட்ட இடங்களில் சேர எழுதும் ஜெஸ்ட், நெட் தேர்வுகளை எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் கோடையில் நேர்காணல்கள் வரும், அதற்குப் படிக்க வேண்டியது ஏராளம். எழுதவில்லை என்றால் அடுத்த நெட் தேர்வு எப்போது என்று இந்த வாரமே பாருங்கள். இவற்றை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களை இந்தத் துறைக்கு இழுத்ததே அவர்களுடைய தொலைநோக்கிதானே.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோகூட, 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்களுக்கு அந்த நிலை இல்லாமல் இருக்கலாம். இதைப் படிக்கும் வேறு ஒரு பிள்ளைக்கு இருக்கக்கூடும்.

கடைசியாக, எழுதிக் கேட்கலாமா என்ற கேள்வி. கேட்கலாம், ஆனால் மார்ச் மூன்றாம் வாரம் வரை பொறுங்கள். பேராசிரியர்களுக்கு எழுத வேண்டாம், துறையின் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் அலுவலருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும்: பெயர், விண்ணப்ப எண், எந்தப் படிப்பு, என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா என்ற ஒரு கேள்வி. குடும்ப நிலையை எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே முறை. இதற்குள் எங்காவது இடம் கிடைத்து, அங்கே முடிவு சொல்ல வேண்டிய தேதி நெருங்கினால் மட்டும் அதைத் தெரிவித்து உடனே எழுதலாம். அதற்குப் பெரும்பாலும் விரைவாகப் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.