100-ஆ, 108-ஆ, 14416-ஆ? – வாசகர் கேள்வி பதில்

என் தம்பி நாலு நாளாகத் தூங்கவில்லை. ராத்திரியெல்லாம் சத்தம் போடுகிறான், பாத்திரத்தை எடுத்து எறிகிறான். பக்கத்து வீட்டார் 100-க்குப் போன் செய்துவிட்டார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் இன்னும் மிரண்டு மச்சில் ஏறிக்கொண்டான். இந்த மாதிரி நேரத்தில் யாரைத்தான் கூப்பிடுவது?
– வாசகி, வீரவநல்லூர்

கையில் அரிவாளோ மண்ணெண்ணெயோ இருந்தால், அல்லது யாரையாவது அடிக்கப் பாய்கிறார் என்றால் போலீஸ் உதவிக்கான அவசர எண் 112. ரத்தம், மயக்கம், வலிப்பு, காய்ச்சலோடு பிதற்றல், விஷம் குடித்ததாகச் சந்தேகம் என்றால் 108. விஷம் விஷயத்தில் ஆள் தெளிவாகப் பேசுகிறாரே என்று காத்திருக்காதீர்கள். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பாக்கெட்டோ டப்பாவோ கிடந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

இவை எதுவும் இல்லாமல் தூக்கமின்மை, சந்தேகம், காதில் குரல் கேட்பது, விடாத அழுகை, சாகவேண்டும் என்ற பேச்சு என்றிருந்தால் 14416. இது 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மானஸ்', மத்திய அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாநிலத்தின் சுகாதார உதவி எண் 104-லும் ஆலோசகர்கள் உண்டு. ஆனால் இந்த இரண்டு எண்ணிலும் குரல்தான் கிடைக்கும், வாசலுக்கு ஆள் வராது. உங்கள் தம்பி போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

போனில் 'பைத்தியம்', 'வெறி' போன்ற சொற்களைத் தவிருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் மனத்தில் உடனே லத்தி வந்துவிடும். முதலில் இடமும் அடையாளமும். பிறகு கண்ணால் காண்பது: "பாத்திரத்தை எறிகிறான், கையில் ஆயுதம் இல்லை." அடுத்து, முன்பு வைத்தியம் பார்த்தது உண்டா, என்ன மாத்திரை, என்றைக்கு நிறுத்தினார். கடைசியாக, யார் சொன்னால் கேட்பார். 112 என்றால் கூடவே, "மனநலப் பிரச்சினை, சைரன் வேண்டாம், ஒருத்தர் மட்டும் முன்னால் வரட்டும்" என்று சொல்லுங்கள்.

ஆள் வரும்வரை தெருக்கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். டி.வி.யை அணையுங்கள், விளக்கை அணைக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். நாலு பேர் நாலு பக்கம் புத்தி சொன்னால் எல்லாம் இரைச்சலாகத்தான் கேட்கும். நிலைவாசலை மறித்து நிற்காதீர்கள்; வெளியேற வழியில்லை என்று தோன்றினால்தான் பெரும்பாலும் கை ஓங்குகிறது. அரிவாள்மனை, பூச்சிமருந்து, தீப்பெட்டியைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்துங்கள். மச்சில் நின்றால் கீழிருந்து கத்தாதீர்கள், பின்னால் போய்ப் பிடிக்க முயலாதீர்கள்.

எங்க அண்ணன் பல வருசக் குடி. மாலை போட்டு விரதம் இருக்கார். மூணாம் நாள் கை நடுங்குது, சுவத்துல எறும்பு ஊருதுன்னு தட்டுறார், ஆளைத் தெரியல. சாமி வந்திருக்குன்னு அத்தை சொல்றாங்க. 14416-க்குப் பேசலாமா?
– வாசகர், பாப்பாக்குடி

வேண்டாம், உடனே 108. இது உடம்பின் அவசரம். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, இடம் ஆள் தெரியாமல் போவது எல்லாம் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார், கார்த்திகையில் சபரிமலை, புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா என்று நம் பக்கம் மாலை போடும் காலத்தில் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். கட்டிப்போடவும் வேண்டாம், 'கொஞ்சம் ஊற்றினால் சரியாகும்' என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம். கடைசியாகக் குடித்த நாள், வழக்கமான அளவு இரண்டையும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 வைட்டமின் ஊசி போடவேண்டும் என்று அவர் முடிவெடுக்க அது உதவும். மாலை போடப்போகிறவர் பல வருசக் குடிகாரர் என்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு நிறுத்துவதே நல்லது. விரதத்துக்கு அதனால் பங்கம் இல்லை.

வயதானவர் ஒரே நாளில் குழம்பிப் பேசினாலும் இதே கதைதான். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்கியது, உப்புக் குறைந்தது என்று ஏதாவது இருக்கும்.

மனநலம் சரியில்லாதவரைப் போலீஸ் ஸ்டேஷனில் ராத்திரி வைத்திருக்கலாமா?
– வாசகர், களக்காடு

கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆதரவின்றித் திரிபவரையோ, தனக்கும் பிறருக்கும் ஆபத்தாக இருப்பவரையோ போலீஸ் பாதுகாப்பில் எடுக்கலாம். எடுத்ததற்கான காரணத்தை அவருக்குச் சொல்லவேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்கவேண்டும். லாக்கப், சிறை இரண்டும் கிடையாது. 115-வது பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதவேண்டும்; 'கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். சங்கிலி போடுவதை 95-வது பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு எரிந்து 28 பேர் இறந்ததை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் அவசர அழைப்புக்குப் போலீஸுக்குப் பதில் வேறு குழு போகிறதாமே? நம் மாநகராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ இதைச் செய்ய முடியுமா?
– வாசகர், மேலப்பாளையம்

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து யூஜீன் நகரில் 1989-ல் 'கஹூட்ஸ்' என்ற குழு தொடங்கியது. குற்றம் சம்பந்தப்படாத அழைப்பு என்றால் ஒரு வேன் போகும். அதில் முதலுதவி தெரிந்தவர் ஒருவர், மன நெருக்கடியில் பேசத் தெரிந்தவர் ஒருவர். ஆயுதம் கிடையாது. டென்வர் நகரம் 2020 ஜூனில் 'ஸ்டார்' என்று இதே மாதிரி தொடங்கியது. அந்த வேன் ஓடிய பகுதிகளில் குறிப்பிட்ட சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் முன்னோடியான யூஜீனிலேயே 2025 ஏப்ரலில் வேன் நின்றது. நடத்திய அமைப்புக்கு வந்த பண நெருக்கடிதான் காரணம். நம்மவர்கள் முதலில் படிக்கவேண்டிய பாடம் இந்தக் கடைசிச் செய்தியில் இருக்கிறது.

அதிகாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அரசமைப்பின் 11-வது அட்டவணையில் சுகாதாரம் 23-வது இனம், சமூக நலம் 26-வது இனம், இரண்டும் ஊராட்சிகளுக்கு. 12-வது அட்டவணையில் பொதுச் சுகாதாரம் 6, நலிந்தோர் நலன் 9; இவை நகராட்சி, மாநகராட்சிகளுக்கு. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரும் உளவியலாளரும் மாநில அரசின் ஆட்கள். உள்ளாட்சி தரவேண்டியது இடம், வண்டி, கூலி, ஒழுங்கு.

வேன் வாங்கிக் கொடியசைப்பதில் ஆரம்பித்தால் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். முதலில் 112, 108 இரண்டிலிருந்தும் மூன்று மாத அழைப்புக் கணக்கை மணிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்தில், எந்த மண்டலத்திலிருந்து, என்ன மாதிரி அழைப்பு என்று தெரியவேண்டும். அதன்பின் எந்த அழைப்பு குழுவுக்கு, எது போலீஸுக்கு, எது இருவருக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவர் மேஜையில் ஒட்டவேண்டும். குழுவுக்குத் தனியாகப் புது எண் கொடுப்பது பெரிய தவறு. நடு ராத்திரியில் யாருக்கும் ஞாபகம் வராது. பழைய எண்ணில் வரும் அழைப்பே திருப்பிவிடப்படவேண்டும்.

அடுத்து ஆள் கணக்கு. பெரும்பாலும் இங்கேதான் உதைக்கும். நாளுக்கு 3 ஷிப்ட் என்றால் வாரம் 21. ஒருவர் வாரம் 6 ஷிப்ட் பார்ப்பார். ஆக ஒரு இருக்கைக்கு மூன்றரை ஆள், லீவு சேர்த்தால் 4 பேர். பேசுபவர், முதலுதவியாளர் இரண்டு இருக்கைக்கு 8 பேர். டிரைவர் தனி என்றால் 12. 'இரண்டு பேரை நியமித்துவிட்டோம்' என்று அறிவித்தால் மூன்றாம் வாரமே போன் அணைந்துவிடும். கையில் காசு குறைவென்றால் மாலை 4 முதல் இரவு 12 வரை ஒரே ஷிப்ட் போதும்: இருக்கைக்கு 2 பேர், முதலுதவியாளரே வண்டி ஓட்டினால் மொத்தம் 4 பேர். அழைப்புக் கணக்கு வேறு நேரத்தைக் காட்டினால் அந்த நேரம். குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்கவேண்டும்.

வண்டிக்குள் பி.பி. கருவி, ஆக்சிஜன் அளவி, வெப்பமானி, சர்க்கரை பார்க்கும் கருவி, கையுறை, டார்ச், போர்வை, தண்ணீர், பிஸ்கட், மாற்றுக் கைலி, நைட்டி. சர்க்கரைக் கருவி ஏன் என்றால், சர்க்கரை 70-க்குக் கீழே போனவர் குடித்தவர் மாதிரியும் சண்டைக்காரர் மாதிரியும் தெரிவார். கயிறு வண்டியில் இருக்கவே கூடாது. மயக்க ஊசியும் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-வது பிரிவின்படி அவசர சிகிச்சை தர பதிவு பெற்ற மருத்துவரால்தான் முடியும், அதுவும் 72 மணி நேரம் வரைதான். நெருக்கடியில் இருப்பவரை டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார வைக்காதீர்கள்.

கடைசிச் சிக்கல், எங்கே கொண்டுபோய் விடுவது. எல்லோரையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால் குழு வெறும் ஆம்புலன்ஸ்தான். பலருக்குத் தேவை ஆறேழு மணி நேரத் தூக்கமும் சாப்பாடும் ஒரு துணையும். நான்கு கட்டில், கழிப்பறை, ஒரு செவிலியர், தாழ்ப்பாள் வெளியே இல்லாத கதவு. இப்படி ஓர் ஓய்வறையை மாநகராட்சியின் நகர்ப்புறச் சுகாதார நிலையத்திலேயே ஒதுக்கலாம். இது இல்லாமல் வேன் விடுவது வெட்டிச் செலவு என்பதே எங்கள் எண்ணம்.

புதுப் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வாரக்கணக்காகத் தன்னந்தனியாகப் பேசிக்கொண்டு படுத்துக் கிடக்கிறார். யாரிடம் சொல்வது?
– வாசகி, பெருமாள்புரம்

ஸ்டேஷனில் சொல்லுங்கள். 'விரட்டுங்கள்' என்று கேட்காமல், 'மனநலப் பராமரிப்புச் சட்டம் 100-வது பிரிவின்படி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் வேலை. மனநோய் இல்லை என்று டாக்டர் சொன்னால் மாநகராட்சியின் இரவுக் காப்பகத்துக்கு. ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் காப்பகம் என்பது மத்தியத் திட்ட விதி. 2011 கணக்கிலேயே நெல்லை மாநகராட்சியில் 4.7 லட்சத்துக்கு மேல். எத்தனை இடம் வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கிராம சபையில் இதற்குத் தீர்மானம் போடலாமா? எப்படி எழுதுவது?
– வாசகர், மானூர்

போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. மாநகராட்சிக்காரர்கள் பகுதி சபையில் கேட்கலாம். 'அரசு ஆவன செய்யவேண்டும்' என்று முடியும் தீர்மானம் புத்தகத்தோடு பூட்டப்படும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்கவேண்டும். உதாரணமாக: "மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதம் ஒரு முறை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் தேதியை அடுத்த கிராம சபைக்கு முன் வட்டார மருத்துவ அலுவலர் எழுத்தில் தரவேண்டும்." அடுத்த வரியில் இரவு வண்டி: ஊரில் வாடகைக் கார் வைத்திருக்கும் இரண்டு பேரின் எண், கிலோமீட்டர் கூலி, அதை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது. கிராம சுகாதாரக் குழுவின் கட்டற்ற நிதியிலிருந்து (இன்ன செலவுக்கென்று முன்கூட்டியே கட்டிப்போடாத பணம்) கொடுக்கலாமா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டத்துக்கு முன்பே பேசிவையுங்கள்.

மூன்றாவதாக ஒப்படைப்புத் தாள். நோயாளியோடு போகிறவர் கையில் அரைப் பக்கம் இருக்கவேண்டும்: பெயர், வயது, எப்போதிலிருந்து, கடைசி மாத்திரை, சர்க்கரை அளவு, கூட இருப்பவர் போன் எண். 'கூட ஆள் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம்' என்று ராத்திரியில் திருப்பி அனுப்பும் பேச்சு எங்கும் உண்டு. அதனால் துணைக்கு இருக்க ஒத்துக்கொண்ட நான்கு பேர், அதில் இரண்டு பெண்கள், அவர்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் புத்தகத்தில் நீங்கள் சொன்னபடிதான் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.