சமையலறைக்கு ஆஃப்-ஒயிட்: ஷேட் கார்டை மூடிவிட்டு டைல்ஸைப் பாருங்கள்

சமையலறைச் சுவருக்கு எந்த ஆஃப்-ஒயிட் என்று கேட்டு வந்தவற்றில் சிலதுக்கு இங்கே பதில். முக்கால்வாசிக் கேள்விகளில் சிக்கல் ஒன்றுதான்: கார்டில் ஒரு கலரைப் பிடித்துப்போய் முடிவு செய்துவிட்டு, டைல்ஸும் மேடைக்கல்லும் டியூப்லைட்டும் அதற்கு ஒத்துழைக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஒத்துழைக்காது.

கார்டில் பால் வெள்ளையாக இருந்த கலர் சுவரில் ரோஸ் அடிக்கிறது. டைல்ஸ் ஐவரி. பெயின்டர் தப்பாகக் கலந்துவிட்டாரா?

பெயின்டரை விட்டுவிடுங்கள், பாவம். கடையில் மெஷினில் கலந்து வந்தது என்றால் அநேகமாக நீங்கள் கேட்ட கலர்தான் வந்திருக்கும். ஆஃப்-ஒயிட் என்று விற்கிற எதற்குள்ளும் ஒரு சாயல் இருக்கும். மஞ்சள், ரோஸ், பச்சை, சாம்பல் இதில் ஏதோ ஒன்று. கார்டில் இருக்கும் சின்னத் துண்டில் அது கண்ணுக்குப் படாது, ஆனால் நாலு சுவரிலும் அடித்தபின் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழுந்து, அங்கிருந்து திரும்பி வந்து, அந்தச் சாயல் கூடிக்கொண்டே போகும். கடையிலேயே பிடிக்க ஒரு வழி: கார்டுக்குப் பக்கத்தில் வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். ஒளிந்திருந்த ரோஸ் உடனே வெளியே வந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் ஐவரி டைல்ஸும் சேர்ந்துகொண்டது. மஞ்சள் பக்கத்தில் இருந்தால் ரோஸ் இன்னும் ரோஸாகத்தான் தெரியும். அதற்காகப் பளீர் வெள்ளைக்குப் போய்விடாதீர்கள், அப்புறம் டைல்ஸ் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். டைல்ஸை உடைக்கப் போவதில்லையென்றால் அதன் மஞ்சளையே சுவருக்கும் எடுங்கள், கொஞ்சம் வெளிறியதாக. கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து டைல்ஸ் மேலேயே ஒட்டவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பகலில் க்ரீம் கலராக இருக்கும் சுவர் ராத்திரியில் வெளிறிப்போய் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே?

விளக்கை மாற்றுங்கள், சுவரை அல்ல. நம் வீடுகளில் மாட்டும் எல்.ஈ.டி. டியூப்கள் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), நீலம் கலந்த வெளிச்சம். அதன் கீழே க்ரீமின் கதகதப்பு போய்விடும். 3000 கெல்வினுக்குப் போனால் எல்லாமே மஞ்சளாகிவிடும், காய் நறுக்கும் இடத்துக்கு எனக்கு அது பிடிக்காது. 4000 சரியான நடுவாந்தரம், அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இனி அடிக்கப் போகிறவர்கள் சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் நேரடியாக அடிக்காமல், ஒரு சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அடுப்புக்குப் பின்னால், ஜன்னலுக்கு எதிரில் என்று இடம் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, லைட் போட்ட பிறகு ஒருமுறை. மேஜையில் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள், சுவரில் வெளிச்சம் விழுவது வேறு மாதிரி. ஜன்னலை ஒட்டி வேப்பமரம் இருந்தால் பகல் முழுக்கப் பச்சை வெளிச்சம் உள்ளே வரும், அங்கே பச்சைச் சாயல் ஆஃப்-ஒயிட் வேண்டவே வேண்டாம்.

அக்னி மூலைச் சமையலறைக்கு வெள்ளை ஆகாது என்கிறார் மாமியார்.

வாஸ்து எனக்குத் தெரியாது. சந்தன நிறத்தை ஒட்டிய ஆஃப்-ஒயிட் எடுங்கள், அவருக்கு அது மஞ்சள், உங்களுக்கு வெள்ளை.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அழகாக இருக்கிறது, ஆனால் தாளிக்கும் வீட்டில் தாங்குமா? மஞ்சள்தூள் கறைக்கு என்ன செய்வது?

தாங்காது. மேட் சுவரில் எண்ணெய் தெறித்த இடத்தை அழுத்தித் துடைத்தால் கறை போகிறதோ இல்லையோ, துடைத்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். டிஸ்டம்பர் என்றால் துணியோடு சேர்ந்தே வந்துவிடும். முழுப் பளபளப்பான கிளாஸ் பெயின்ட் போட்டால் பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் தெரியும். அதனால் துடைக்கக்கூடிய எமல்ஷனில் லேசான பளபளப்பு உள்ளதை எடுங்கள், கடையில் சாட்டின் அல்லது சாஃப்ட் ஷீன் என்று கேளுங்கள்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் அப்படித்தான் சிவக்கும். தண்ணீரில் நன்றாகத் துடைத்தெடுங்கள். மிச்சமிருப்பது வெயில் படுகிற சுவர் என்றால் தானாகவே மங்கும்.

பழைய சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போட்டுக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் பெயின்ட். இதை விட்டுவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் உரிந்து வரும்.

அலமாரிக் கதவுக்கு அடித்த வெள்ளை எனாமல் உள்பக்கம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. புகையா?

புகை இல்லை. ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில்தான் சீக்கிரம் மஞ்சளிக்கும். அடுத்த முறை தண்ணீரில் கலக்கும் எனாமல் வாங்குங்கள்.

ஒரு சுவர் முடிந்ததும் பெயின்ட் தீர்ந்து, இன்னொரு டப்பா வாங்கினால் கலர் லேசாக மாறுகிறது.

மாறும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் மயிரிழை வித்தியாசம் வரும், வெளிர் நிறத்தில் அது நன்றாகவே தெரியும். தேவையானதை ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் பெரிய பக்கெட்டில் கொட்டிக் கலந்துகொண்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு, புது டப்பாவை ஒரு முழுச் சுவருக்கு, மூலையிலிருந்து மூலைவரை அடித்துவிடுங்கள். இரண்டு சுவர் சேரும் மூலையில் வெளிச்சமே மாறுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைப் போனில் படம் எடுத்து வையுங்கள், டச்-அப்புக்கு ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றியும் வையுங்கள்.