இடி இடித்தால் வீடு ஏன் இருண்டுபோகிறது?

கேள்வி: இடியோடு மழை வந்தாலே எங்கள் வீட்டில் கரண்ட் டிரிப் ஆகிவிடுகிறது. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிகிறது. தீபாவளிக்கு ஈப்போ போய்த் திரும்பினால் ஐஸ்பெட்டியில் இருந்த மீனெல்லாம் நாறிக் கிடக்கிறது. வயர்மேன் ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) புதிதாக மாற்றியும் அதே கதைதான்.
வாசகி, செந்தூல்

பதில்: ஆர்சிசிபி தன் வேலையைத்தான் செய்கிறது. லைவில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனது முழுக்கத் திரும்பாவிட்டால் மீதி தரைக்குக் கசிகிறது என்று அர்த்தம், உடனே விழுந்துவிடும். மேலே 100 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும், 50-க்கும் 100-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். தரநிலையே அப்படித்தான் அனுமதிக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இடி இடித்த நொடியில் விழுகிறதா, மழை பிடித்துப் பத்து இருபது நிமிடம் கழித்து விழுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

மழை பிடித்தபின் விழுந்தால் தண்ணீர் எங்கோ புகுந்திருக்கிறது. கேட் விளக்கு, ஆட்டோகேட் மோட்டார், வாசல் பக்கத்து பிளக் பாயிண்ட், ஏர்கோன் வெளி யூனிட்டின் இணைப்பு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு மின்பாதைக்கும் உள்ள தனித்தனி சுவிட்சுகளை) இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கோளாறு. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டு எம்சிபிகள் பெரும்பாலும் லைவை மட்டுமே துண்டிப்பவை. நியூட்ரல் ஈரத்தில் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பாதையின் எம்சிபி இறங்கியே இருந்தாலும், வேறு அறையில் ஏர்கோன் ஓடத் தொடங்கியதும் ஆர்சிசிபி விழும். குற்றவாளி ஓரிடம், பழி வேறிடம். அப்போது மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (வயரின் காப்புத் தடையை அளக்கும் கருவியால்) அளக்க வேண்டும். அது வயர்மேன் வேலை. நீங்கள் கை வைக்காதீர்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பாதையைச் சரிசெய்யாமல் விடக்கூடாது.

இடி இடித்த நொடியிலேயே விழுந்தால் வயரிங் நன்றாக இருந்தும் விழலாம். மின்னல் உங்கள் வீட்டில் இறங்க வேண்டும் என்பதில்லை. தூரத்தில் விழுந்தாலும் லைனில் ஓர் அலை ஓடிவரும். கணினி, இன்வெர்ட்டர் ஏர்கோன் போன்றவற்றின் உள்ளே லைவிலிருந்து எர்த்துக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கின்றன. அலை அவற்றின் வழியே தரைக்குப் பாய்கிறது. அதைக் கசிவு என்றே ஆர்சிசிபி கணக்கிடும். டிபி பெட்டியில் (இந்தச் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டியில்) அந்த அலையைத் தரைக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரஸ்டர் இருந்தால் அது ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் இருந்தால் அரஸ்டர் வேலை செய்யும்போதெல்லாம் வீடு இருண்டுபோகும். முன்னால் மாற்றுவதாக இருந்தால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஸ்பார்க் கேப் (அலை வரும்போது மட்டும் கரண்டைத் தாண்டவிடும் சிறு இடைவெளி) உள்ள வகையைத்தான் பொருத்த வேண்டும். மெயினில் இருக்கும் 100 மில்லி ஆம்பியர் சாதாரண ஆர்சிசிபியை எடுத்துவிட்டு, தாமதமாக விழும் ‘எஸ்’ வகையைப் போடுவதும் உதவும். ஆனால் அதற்குக் கீழே பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் தாமதமில்லாத ஆர்சிசிபி தனியே இருக்க வேண்டும்.

ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். நம் மலேசிய வீடுகளில் எர்த் என்பது வாசலில் அடித்த ஒரு கம்பிதான். அதன் தடை 10 ஓம் என்றே வையுங்கள்: 230 வோல்ட்டில் 23 ஆம்பியருக்குமேல் பாயாது. 32 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஐஸ்பெட்டியின் உடம்பில் லைவ் ஏறினால் அந்த மின்சாரம் துண்டிக்கப்படாமல் அப்படியே நிற்கும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது. பழைய குண்டு பல்பில் இப்படி இருந்ததில்லை. பில் ஏறுமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பில் ஏறாது, கவலை வேண்டாம். சுவருக்குள் லைவ் வயரும் சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரும் ஒரே குழாயில் ஒட்டி ஓடுகின்றன. இரண்டு செம்பு, நடுவே பிவிசி: அதுவே ஒரு கெப்பாசிட்டர். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்தால் 10 மீட்டருக்கு 1 நானோ ஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய 32 லட்சம் ஓம். சுவிட்ச் திறந்திருந்தாலும் 70 மைக்ரோ ஆம்பியர் வழிந்து வரும். பழைய பல்பிலும் இது ஓடியது. இழை சிவக்க அது போதாது, அவ்வளவுதான். எல்இடிக்குப் போதும். சுவிட்சில் குட்டி நியான் விளக்கு இருந்தால் கசிவு இன்னும் கூடும்.

பல்பு முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி, ‘எக்ஸ்2’ என்று அச்சடித்த கெப்பாசிட்டரை இணைத்தால் பல்பின்மேல் விழும் மின்னழுத்தம் 2, 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சாதாரண கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டால் ஒருநாள் எரியும். அதற்கு முன் சுவிட்ச் தவறிப்போய் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் பல்பு மாட்டும் இடத்தில் முழு 230 வோல்ட் நிற்கும். டெஸ்ட் பேனாவை நம்பாதீர்கள். கசிந்துவரும் சொற்ப மின்சாரத்துக்கே அது எரிந்து காட்டும்.

கேள்வி: சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் அலுமினிய மூடியைத் தடவினால் சுரசுரவென்று இருக்கிறது. ஷாக்கா?
மாணவி, பட்டர்வொர்த்

பதில்: விரலின் பின்புறத்தால் லேசாகத் தடவிப் பாருங்கள், ஏதோ அதிர்வதுபோல இருக்கும், சார்ஜரைக் கழற்றினால் வழவழப்பாகிவிடும். சார்ஜருக்குள் மெயின் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் ‘ஒய்’ கெப்பாசிட்டர் இணைக்கிறது. 2.2 நானோ ஃபாரட் என்றால், 230 வோல்ட் முழுதும் அதன்மேல் விழுந்தாலும் 0.16 மில்லி ஆம்பியர்தான். ஆளைக் கொல்லாது, எரிச்சல் தரும். எர்த் பின் உலோகமாக உள்ள மூன்று பின் கேபிள் கிடைத்தால், சார்ஜரும் எர்த் ஏற்கும் வகையாக இருந்தால் சுரசுரப்பு நின்றுவிடும். பல பிளக்குகளில் அந்தப் பின் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டுமே பயன்படும். இரண்டு பின் பிளக்கைச் செருக மேல் துளையில் சாப்ஸ்டிக்கைக் குத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். ஃபியூஸ் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல் நிற்கும் அந்தப் பிளக்தான் சூடேறிக் கருகும்.

கேள்வி: 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் சுடவில்லை. புதிது வாங்கவா?
வாசகர், கெப்போங்

பதில்: 1 லிட்டர் ஜக்கைப் பிடித்து நேரம் பாருங்கள். 20 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். தண்ணீர் 17 டிகிரிதான் ஏறும். 30 வினாடியில் நிறையும்படி குழாயைத் திருகிக் குறைத்தால் 26 டிகிரி ஏறும். அப்படியும் சுடாவிட்டால் மட்டும் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். 13 ஆம்பியர் பிளக்கில் செருகியிருந்தால் இன்றே கழற்றுங்கள். அது இழுப்பது 15.6 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச், குளியலறைக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதைத்தான் மாற்ற வேண்டும்.