நானோ மருந்து மார்பகப் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போகுமா?

தேடிப் போவதில்லை, கசியும் இடத்தில் இறங்குகிறது. நானோ மருந்தின் துகளை நானோமீட்டரில் அளப்பார்கள்; அது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் பெரிசு, அதன் வழியே துகள் கட்டிக்குள் கசியும். நம்ம தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை கிழிந்தால் தூளோடு பெரிய இலையும் விழுமே, அப்படித்தான். எல்லாக் கட்டியும் ஒரே அளவில் கசியாது.

பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை அல்புமின் புரதத்தோடு சேர்த்த, சுமார் 130 நானோமீட்டர் துகள் மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக 2005இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பழைய வகை பேக்லிடாக்செல்லைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பான் தேவை. அது சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். இதற்கு அது வேண்டாம். பெரிய லாபமே அதுதான் என்பேன்.

நோய் அக்குளுக்குப் பரவியதா என்று பார்க்கவும் இரும்பு ஆக்சைடு நானோ துகள் உதவுகிறது: மார்பில் ஊசியாகப் போட்டால் மார்பின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் அக்குள் நிணநீர் முடிச்சில் தங்கும், காந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். ஆனால் கட்டி தட்டுப்பட்டதும் முதலில் போக வேண்டியது கிளினிக்குக்குத்தான்.

நானோ மருந்தென்றால் முடி கொட்டாது என்று பலர் நம்புகிறார்கள். இந்த பேக்லிடாக்செல் நானோ மருந்திலும் கொட்டும், கைகால் மரத்துப்போவதும் உண்டு.