அத்தானுக்காகப் போட்ட கையெழுத்தும் பத்து வருட ஃபேர்னஸும்

கேள்வி

கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறோம். வீடு 2013 இல் வாங்கியது. இவர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் சமையலறையில் வேலை, கொரோனாவால் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். முதலில் சேர்ப், இப்போது சீஆர்பி என்ற அரசின் கொரோனா உதவிப் பணம் எடுக்கிறார். நான் முதியோர் இல்லத்தில் பீஎஸ்டபிள்யூ (பராமரிப்புப் பணியாளர்). மேலே மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள். பேஸ்மென்டில் ஒரு குடும்பம், வாடகை 1,100 டொலர். டிசம்பர் 20 இரவு, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுவிட்டது. 22ஆம் திகதி இவருடைய அத்தான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹோல் (விழா மண்டப) வேலை இல்லாமல் போனதால் அத்தான் இப்போது அந்தக் கொம்பனிக்குத்தான் ஆள் பிடித்துக் கொடுக்கிறார். வந்தவர், "ஃபேர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு விழுந்திருக்கு, காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வரும், பிள்ளைகள் இருக்கிற வீடு" என்று பயப்படுத்தினார். வாடகை மாதம் 149 டொலரும் வரியும், பத்து வருடம். புது ஃபேர்னஸ், வைரஸைக் கொல்லும் யூவி விளக்கு, ஸ்மார்ட் தேர்மோஸ்டாட் எல்லாம் அதற்குள். வருடம் 3.5 வீதம் கூடும். இவர் கையெழுத்துப் போட்டார், பிரதியும் அன்றே தந்தார்கள். பூட்ட வருவது ஜனவரி 5. இப்போது நாலு மின்சார ஹீட்டர் வைத்துச் சமாளிக்கிறோம், ஹைட்ரோ (மின்சார) பில்லை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது.

வேண்டாம் என்றால் மச்சாள் (அத்தானின் மனைவி, இவருடைய அக்கா) கோவிப்பா என்று இவர் சொல்கிறார். 2017 இல் அத்தானுடைய சீட்டுக்குப் பிணை நின்று 9,000 டொலர் கட்டினோம். அதில் 7,200 இன்னும் லைன் ஒஃப் கிரெடிட்டில் (வங்கிக் கடன் கணக்கில்) 2.95 வீத வட்டியோடு நிற்கிறது. போன வருடம் அவர்களுடைய மகனின் கார்க் கடனுக்கும் இவர் கோ-சைன் (பிணைக் கையெழுத்து) பண்ணினார். கிரெடிட் கார்ட்டில் 3,800 இருக்கிறது. மாதம் 168 டொலரைச் சமாளிக்கலாமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் திகதி. உங்கள் கணவர் ஒப்பந்தப் பிரதியை வாங்கியது 22ஆம் திகதி. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து எழுதிய இப்படியான ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்து பத்து நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தண்டமும் இல்லை. இதை நான் எழுதுவது 2020 டிசம்பர் 28, விலைகளும் வட்டியும் இந்த நாளுக்கானவை. ஜனவரி 1 உங்களுடைய கடைசி நாள், அது விடுமுறை நாளும்கூட. ஆகவே இதை வாசித்து முடித்ததும் கணவரை இருத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பச் செய்யுங்கள். ஒப்பந்த எண், கையெழுத்திட்ட திகதி, வீட்டு விலாசம், "இந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன்" என்ற ஒரு வரி, அவருடைய பெயர். அவ்வளவும் போதும். நாளைக்கு அதையே அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். அனுப்பிய நாள்தான் கணக்கு, அவர்களுக்குக் கிடைத்த நாள் அல்ல. அத்தானிடம் வாயால் சொல்லி விடுவதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

2018 மார்ச் 1 முதல் இந்த மாகாணத்தில் அழைக்காமல் கதவைத் தட்டி ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர், காற்றுச் சுத்திகரிப்பான் விற்பது தடை. அதனால்தான் இப்போது கதவைத் தட்டுவது சொந்தக்காரர்களாக இருக்கிறார்கள். அத்தான் கூட்டி வந்தால், "வீட்டுக்காரரே எங்களை அழைத்தார்" என்று கொம்பனி சொல்லிவிடும். அந்த வாதத்தில் நீங்கள் இறங்கத் தேவையில்லை. அழைத்திருந்தாலும் பத்து நாள் உரிமை உங்களுக்கு உண்டு.

மாதம் 168 டொலரைச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 149 உடன் 13 வீத வரி, 168 டொலர் சொச்சம். வருடத்துக்கு ஏறக்குறைய 2,020. கூடாமலே இருந்தால் பத்து வருடத்தில் 20,200. வருடம் 3.5 வீதம் கூடினால் 23,700க்குக் கிட்ட வரும். பத்தாவது வருடம் நீங்கள் மாதம் 229 டொலர் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் வீட்டளவுக்கு நல்ல ஃபேர்னஸ் ஒன்றைப் பூட்டுகூலி, வரியோடு 4,500 டொலர் போலக் கொடுத்து வாங்கிவிடலாம். கையில் காசில்லை, சரி. லைன் ஒஃப் கிரெடிட்டில் எடுங்கள். இன்றைய வட்டி 2.95 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்தில் கட்டினால் மாதம் 131 டொலர், மொத்தம் 4,700 சொச்சம். அவர்கள் கேட்பதைவிட மாதக் காசும் குறைவு, மூன்று வருடத்தில் கடனும் முடிகிறது, ஃபேர்னஸும் உங்களுடையது. வித்தியாசம் 19,000 டொலர். நீங்கள் முகக்கவசமும் கண்ணாடியுமாக முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து உழைக்கிற காசு அது.

இன்னொன்று. வாடகை ஃபேர்னஸ் கொம்பனிகள் உங்கள் வீட்டுக் காணிப் பதிவில் தங்களுக்கு உரிமை இருப்பதாகப் பதிந்து வைப்பதுண்டு (2024 இல் ஒன்ராறியோ இதைத் தடைசெய்துவிட்டது). வீட்டை விற்கப் போகும்போதோ மோட்கேஜை மாற்றும்போதோதான் அது வெளிவரும். அப்போது அவர்கள் சொல்கிற தொகையைக் கொடுத்துத்தான் அதை எடுக்க முடியும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

யூவி விளக்கைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. இந்த வருடம் எதை விற்றாலும் "வைரஸைக் கொல்லும்" என்று ஒட்டி விற்கிறார்கள். குழாய்க்குள் இருக்கிற விளக்கு, குழாய் வழியாகப் போகிற காற்றைத்தான் தொடும். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறவருடைய மூச்சை அது ஒன்றும் செய்யாது. ரொறன்ரோவில் 2020 நவம்பர் 23 முதல் வேறு வீட்டாரோடு வீட்டுக்குள் கூடக்கூடாது என்று கொரோனாக் கட்டுப்பாடு இருக்கும்போது, அந்த விற்பனையாளரை உள்ளே விட்டதுதான் அன்று உங்கள் வீட்டுக்கு வந்த உண்மையான ஆபத்து. நல்ல காற்று வடிகட்டி ஒன்று 20, 30 டொலர். உங்கள் ஃபேர்னஸ் அதைத் தாங்குமா என்று டெக்னீஷியனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஸ்மார்ட் தேர்மோஸ்டாட் வேண்டுமென்றால் 250 டொலர் போலக் கடையிலேயே இருக்கிறது. அதற்குப் பத்து வருட வாடகை எதற்கு?

இனி அந்தப் பயம். காபன் மொனொக்சைட் விளையாட்டுக் காரியமில்லை. வெடிப்பு விழுந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆளைக் கொல்லும். அதனாலேயே இந்த மாகாணத்தில் அதற்கு ஒழுங்கு இருக்கிறது. உரிமம் பெற்ற எரிவாயு டெக்னீஷியன் உடனடி ஆபத்தைக் கண்டால் சிவப்பு அட்டை எழுதி, எரிவாயுவை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடனடி ஆபத்து இல்லாத குறை என்றால், திருத்தத் தவணை கொடுத்து வேறு வகை அட்டை எழுதுவார். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அட்டையும் எழுதவில்லை, எரிவாயுவையும் அடைக்கவில்லை, ஒப்பந்தம் மட்டும் எழுதினார். இதிலிருந்து நீங்களே முடிவுக்கு வரலாம். ஆனாலும் வேறொருவர் வந்து பார்க்கும்வரை அந்த ஃபேர்னஸை அணைத்தே வையுங்கள். மாடிக்கு ஒன்று, பேஸ்மென்டுக்கு ஒன்று என்று காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே அமத்திப் பாருங்கள். சமையல் ஓவனைத் திறந்து வைத்து வீட்டைச் சூடாக்குவது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

விற்பனைக்கு வராத, பழுது பார்க்க மட்டும் வருகிற ஒரு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வந்து பார்க்க 100, 150 டொலர் கேட்பார். விடுமுறை நாள் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கேட்டதைக் கொடுங்கள், இந்தக் கணக்கில் அதுதான் மிக மலிவான காசு. அவர் வருவதற்கு முன் உங்கள் கணவர் ஒரு வேலை செய்யலாம். ஃபேர்னஸின் கீழ்க் கதவில் சின்னக் கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு விளக்கு கண் சிமிட்டும். எத்தனை தரம் சிமிட்டி நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எத்தனை சிமிட்டலுக்கு என்ன கோளாறு என்ற அட்டவணை பெரும்பாலும் அந்தக் கதவின் உட்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு வெள்ளைக் குழாயின் வாயில் பனி மூடியிருக்கிறதா என்றும், ஃபில்டர் தூசியடைந்து சாம்பல் நிறமாகிவிட்டதா என்றும் பாருங்கள். இக்னைட்டர் (தீ மூட்டும் பகுதி) போயிருக்கலாம், ஃபிளேம் சென்சரில் (சுடரை உணரும் பகுதியில்) அழுக்குப் பிடித்திருக்கலாம். இவை சில நூறு டொலரோடு முடிகிற வேலைகள். திருத்தக் கூலி 700 டொலருக்குள் என்றால் திருத்துங்கள். புதிது வாங்குவதைக் கோடைக்குத் தள்ளுங்கள், நடுக்குளிரில் பேரம் பேச முடியாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்மையிலேயே போய்விட்டது என்று அவரும் சொல்லி அட்டை எழுதினால், மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்கிவிடுங்கள்.

அதுவரை நாலு ஹீட்டர். ஹைட்ரோ பில்லை நினைத்துக் கலங்குகிறீர்கள். 1,500 வாட் ஹீட்டர் நாலும் நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால் 60 யூனிட். குத்துமதிப்பாக நாளுக்கு 8, 9 டொலர். ஒரு கிழமைக்கு 60 டொலர். இந்த 60 டொலர் பயத்தில் 23,700 டொலருக்குக் கையெழுத்துப் போட்டதுதான் நடந்திருக்கிறது. ஒரே சேர்க்கிட்டில் இரண்டு ஹீட்டரைச் செருகாதீர்கள், பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகவே வேண்டாம். பேஸ்மென்ட் குடும்பத்தை மறந்துவிடாதீர்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகை சூடு இருக்க வேண்டும் என்பது மாநகரச் சட்டம். அவர்களிடம் நேரே கதைத்து, இந்த நாட்களுக்கு வாடகையில் கொஞ்சம் கழித்து விடுங்கள். மாதம் 1,100 ஒழுங்காகத் தருகிற குடும்பத்தை இந்தக் காலத்தில் இழக்க உங்களால் முடியாது.

இவ்வளவும் ஃபேர்னஸ். உங்கள் வீட்டுக் காசை அரிப்பது ஃபேர்னஸ் அல்ல. முகதாட்சண்யத்துக்குக் கையெழுத்துப் போடுகிற பழக்கம். 2017 இல் அத்தான் சீட்டை முதல் ஆளாக ஏலம் கூறி எடுத்தார், கட்டவில்லை, பிணை நின்றவர் கட்டினார். 2019 இல் கார். இப்போது இது. மூன்றிலும் காசு உங்கள் வீட்டிலிருந்து, லாபம் அந்த வீட்டுக்கு. உங்கள் கணவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அக்காவின் முகம் வாடக்கூடாது என்று நினைக்கிற தம்பி அவர், நம்முடைய வீடுகளில் இந்தத் தம்பிகள் நிறைய. ஆனால் மார்ச்சிலிருந்து வேலை இல்லை. சீஆர்பி 2020 டிசம்பர் விதிப்படி 26 கிழமைதான், 2021 மார்ச் கடைசியோடு முடிகிறது. ஹோட்டல் எப்போது திறக்கும் என்று எவரும் சொல்லவில்லை. இந்த நிலையில் பத்து வருடக் கடமையை ஏற்க அவருக்கு உரிமை இல்லை என்று அவரிடமே சொல்கிறேன். இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அத்தானுக்கும் வேலை போயிருக்கிறது, அந்தக் கஷ்டம் உண்மை. அவருக்கு உதவ மனமிருந்தால் நேரே 500 டொலரைக் கையில் கொடுங்கள், திரும்பி வரும் என்று நினைக்காமல். கொமிஷன் போன கவலைக்கு அது மருந்தாகும், உங்களுக்கு 19,000 மிஞ்சும். போன் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் அல்ல. "வங்கியில் கேட்டேன், கடன் கணக்கு இடம் கொடுக்கவில்லை, ரத்துச் செய்துவிட்டேன்" என்று இறந்தகாலத்தில் சொல்லட்டும். "செய்யலாமோ என்று யோசிக்கிறேன்" என்று தொடங்கினால் அன்று இரவே மச்சாள் வீட்டு வாசலில் நிற்பா. மின்னஞ்சல் போன பிறகுதான் போன்.

கார்ட்டில் நிற்கிற 3,800ஐ ஜனவரியிலேயே லைன் ஒஃப் கிரெடிட்டுக்கு மாற்றுங்கள். 19.99 வீதத்தில் வருடம் 760 டொலர் வட்டி, 2.95 இல் 112. மாற்றிய பிறகு கார்டில் மறுபடி ஏற்றினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

ஏப்ரலையும் இப்போதே எண்ணி வையுங்கள். சேர்ப் காசில் வரி பிடிக்கவில்லை, சீஆர்பியில் 10 வீதம்தான் பிடித்தார்கள். கணவர் முழுக் காலமும் எடுத்திருந்தால் சேர்ப் 14,000. அதோடு மார்ச் வரையான சம்பளமும் சீஆர்பியும் சேரும்போது, ஏப்ரல் 30க்குள் 1,500 முதல் 2,000 வரை கட்ட வேண்டி வரலாம். மாதம் 400 டொலரை, இருவரும் தொடாத ஒரு கணக்கில் இப்போதிருந்தே போடுங்கள்.

மிச்சம் அந்தக் கார். கோ-சைன் பண்ணியவர் என்பதால் கடன் நிலுவை எவ்வளவு, தவணை பிந்தியிருக்கிறதா என்று கடன் கொடுத்த இடத்தில் கேட்க உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. மருமகனைக் கேட்காமல் அவர்களையே கேட்கட்டும். பிந்தியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.