விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள்: நாய், பூனை உணவு பற்றிய கேள்வி பதில்

கால்நடை மருத்துவ மாணவர்களுக்குச் சிறுவிலங்கு ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறேன். செல்லப்பிராணி வளர்ப்பவர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், கால்நடை மருத்துவப் படிப்பில் ஊட்டச்சத்து பற்றி எதுவுமே சொல்லித் தர மாட்டாங்களாமே? தீவனக் கம்பெனிக்காரங்க வந்து சொல்றதுதான் பாடம்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

பாதி உண்மை. நாய், பூனை உணவுக்கென்று ஒதுக்கும் நேரம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. பல இடங்களில் அது போதாது என்றே நான் நினைக்கிறேன். கம்பெனிகள் விரிவுரைக்கு ஆள் அனுப்புவதும், மாணவர்களுக்கு இலவசமாகத் தீனி கொடுப்பதும் நடந்திருக்கின்றன. அதனால் எந்த ஆய்வைக் காட்டினாலும், யார் செலவில் நடந்தது, எத்தனை விலங்குகள், எத்தனை நாள் என்று கேட்ட பிறகே படிக்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன்.

ஆனால் எதுவுமே படிப்பதில்லை என்பது சரியல்ல. புரதம் எப்படிச் செரிக்கிறது, கால்சியத்தை உடல் எப்படிக் கட்டுப்படுத்துகிறது, சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் ஏன் ஏறுகிறது என்பதெல்லாம் உயிர்வேதியியலிலும் உடலியங்கியலிலும் வந்துவிடும். எந்த பிராண்ட் நல்லது என்பதை யாரும் மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. இந்த விலங்குக்கு, இந்த வயதில், இந்த உடல்நிலையில் என்ன வேண்டும் என்று கணக்குப் போடத்தான் கற்றுத் தருகிறோம்.

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. ஊட்டச்சத்தில் முதலில் எதைக் கைவசப்படுத்தணும்?

கையைத்தான். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், வலி ஆகிய நான்கோடு ஊட்டச்சத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. அந்த ஐந்தாவதைப் பார்ப்பது எடைக்கருவியாலும் விரல் நுனியாலும்.

உங்கள் கையை மேசை மேல் தட்டையாக வைத்து, புறங்கையை மறு கை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தெரிகிறதல்லவா? நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவான உடம்பு. கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படித் துருத்தினால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. இதை 9 புள்ளி அளவுகோலில் எழுதுவோம்: நாய்க்கு 4 அல்லது 5, பூனைக்கு 5 சரியான நிலை. அடர்ந்த முடி கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. முதல் மாதம் கிடைக்கிற நாயை எல்லாம் தடவுங்கள்.

கருத்தடை செய்த 10 கிலோ நாய். ஒரு கப்பா, ஒன்றரைக் கப்பா?

கப்பை விட்டுவிட்டுக் கணக்குக்கு வாருங்கள். உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும் உடலுக்குத் தேவையான ஆற்றல் கிடைக்கும். 10 கிலோவுக்கு அது சுமார் 394 கிலோ கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்குவோம்: ஏறத்தாழ 630. உங்கள் உலர் தீனி 100 கிராமுக்கு 350 கிலோ கலோரி தருமானால், ஒரு நாளைக்கு 180 கிராம். பிஸ்கட், எலும்பு, தட்டில் மிஞ்சியது எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவற்றுக்கு ஈடாகத் தீனியைக் குறைக்கவும் வேண்டும்.

இது தொடக்கம் மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவை வெகுவாக வேறுபடலாம். இரண்டு வாரம் கழித்து எடை போட்டு, விலாவைத் தடவி, கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

கப் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? வகுப்பில் ஒரே கப்பைக் கொடுத்து ஆளுக்கொரு தடவை அள்ளச் சொல்வேன். தராசில் வைத்தால் எந்த இரண்டு பேரின் அளவும் ஒத்து வராது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி கிராமில் நிறுத்துப் போடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, சாகும் வரை கவனித்தார்கள். முடிவு 2002இல் வந்தது. அதிகம் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்ற கூட்டத்துக்கு 13. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த விலையுயர்ந்த பாக்கெட்டும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயுளைக் கூட்டியதாக நான் பார்த்ததில்லை.

வீட்டில் நாயும் பூனையும் இருக்கு. இரண்டுக்கும் நாய்த் தீனியே போடலாமா? பூனையைச் சைவமாக வளர்க்க முடியுமா?

பூனைக்கு நாய்த் தீனி போடாதீர்கள். பூனை கட்டாய ஊனுண்ணி. நாய் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையால் முடியாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும், நியாசின் என்ற பி வைட்டமின் போதிய அளவும் அதற்கு உணவிலிருந்தே வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் தாரின் என்ற அமினோ அமிலம்.

தாரின் கதையை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1970களிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும், கடையில் விற்ற, போதுமென்று கருதப்பட்ட தீனியைத் தின்ற பூனைகளுக்கு இதயம் வீங்கித் துவண்டது. 1987இல்தான் அதற்கும் தாரின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. தாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. கம்பெனிகள் அளவைக் கூட்டியதும் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. காகிதத்தில் சரியாக இருந்த உணவு உடம்புக்குள் போதாமல் போனதை மாணவர்கள் மறக்கவே கூடாது.

தாவரங்களில் தாரின் அநேகமாக இல்லை. செயற்கைத் தாரின் சேர்த்த சைவத் தீனிகள் இருக்கின்றன. ஆனால் ஊட்டச்சத்து நிபுணரின் கண்காணிப்பும் அவ்வப்போது பரிசோதனையும் இல்லாமல் அந்த வழியில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டுச் சாப்பாட்டை மட்டும் வைத்துச் சைவப் பூனை வளர்ப்பது வேண்டவே வேண்டாம்.

தானியம் இல்லாத தீனிதான் நாய்க்கு இயற்கையானது என்கிறார்களே?

நாய் ஓநாயின் வழி வந்தது, ஆனால் ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் அதிகம் என்று 2013இல் காட்டினார்கள். சமைத்த தானியம் நாய்க்கு நன்றாகவே செரிக்கும். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த, பெரும்பாலும் தானியமில்லாத தீனிகளுக்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. தானியத்தைத் தவிர்க்க மருத்துவக் காரணம் இல்லாத நாய்க்கு அந்தச் சந்தேகத்தை ஏன் ஊட்ட வேண்டும்?

குட்டிக்குத் தினமும் வேகவைத்த கோழிக்கறியும் சாதமும்தான். சுத்தமான உணவுதானே?

சுத்தம்தான், நிறைவானது அல்ல. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. உடல் இரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். அப்படி வளர்ந்த குட்டி ஒன்று என்னிடம் வந்தது. சோபாவிலிருந்து குதித்ததற்கே பின்னங்கால் ஒடிந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பின் வெண்மை சுற்றியுள்ள தசையின் சாயலுக்கு மங்கியிருந்தது. வளர்த்தவர் ஒவ்வொரு வேளையும் தன் கையால் சமைத்து ஊட்டியவர். அன்பில் குறையே இல்லை, கால்சியம்தான் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கால்சியம் மாத்திரையும் கொடுக்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அது கூடினாலும் எலும்பு கோணும். 2013இல் வெளியான ஆய்வில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசோதித்தபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. வீட்டில் சமைக்க விரும்பினால் நிபுணரிடம் உங்கள் நாய்க்கென்று குறிப்பு வாங்கி, ஒரு பொருளைக்கூட மாற்றாமல் செய்யுங்கள்.

பச்சை இறைச்சி?

நான் பரிந்துரைப்பதில்லை. சால்மொனெல்லா, லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிகள் அதில் வரலாம். நாய் நன்றாக இருந்தாலும் அதன் வாய், மலம், கிண்ணம் வழியே வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் பரவலாம். உறையவைத்தால் கிருமி சாகாது.

டப்பா உணவில் புரதம் 10 சதவீதம், உலர் தீனியில் 26. உலர் தீனிதானே சத்து?

தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். டப்பாவில் ஈரம் 78 சதவீதம் என்றால் மிச்சம் 22, அதில் 10 புரதம், அதாவது 45 சதவீதம். உலர் தீனியில் ஈரம் 10 போக 90இல் 26, அதாவது 29 சதவீதம்.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) சேர்த்த சூயிங்கம், மது. சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே சரித்துவிடும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள்.

குண்டுப் பூனை. எடை குறைக்கத் தீனியை மாற்றினேன். மூன்று நாளாக எதையும் தொடவில்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்கிறார்கள், சரியா?

பூனைக்கு அது சரியல்ல. பட்டினி கிடக்கும் குண்டுப் பூனையின் உடல் சேமித்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரலால் அதைக் கையாள முடியாமல் தேங்கி, உயிருக்கே ஆபத்தாகும். சில நாள் பட்டினியே போதும். பழைய உணவை லேசாகச் சூடாக்கி இப்போதே வையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். காது மடலின் உட்புறமோ ஈறோ மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துப் போனிலேயே சொல்லிவிடுங்கள். புதுத் தீனிக்கு மாறுவதைப் பூனை தேறியதும் மறுபடி தொடங்கலாம், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு.