பழைய கம்மின்ஸ் ராமுக்கு எக்ஸாஸ்ட் பிரேக்: நாமே பூட்டலாமா?

என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500 பிக்கப், 5.9 லிட்டர் 12 வால்வ் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். கொலராடோவில் டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு வோல்ஃப் கிரீக் கணவாய் தெரிந்திருக்கும். சுமார் 10,850 அடி உயரத்திலிருந்து 7 சதவீதத்தை ஒட்டிய சரிவில் மைல் கணக்கில் இறங்க வேண்டும். அங்கே ஒரு முறை பிரேக் லைனர் கருகும் வாடையோடு கீழே வந்து சேர்ந்த பிறகுதான் எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கி நானே பூட்டினேன். அதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்தாலே வேகம் அடங்குகிறது. டீசலுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு பிரேக்?

பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். காற்று உள்ளே வராமல் பிஸ்டன் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது. நம்முடைய டீசலில் காற்றுப் பாதையில் அப்படி ஒரு மூடியே கிடையாது. காலை எடுத்தால் டீசல் நிற்கும், ஆனால் காற்று தாராளமாக வந்துபோய்க்கொண்டே இருக்கும், அதனால் எஞ்சின் பெரிதாக எதையும் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருவது) பின்னால் புகை போகும் பைப்பில் வைக்கிற ஒரு தகடு. அது மூடினால் பிஸ்டன் ஒவ்வொரு முறை புகையை வெளியே தள்ளும்போதும் எதிரே நிற்கிற அழுத்தத்தோடு முட்ட வேண்டும், அந்த முட்டல் பின்சக்கரம் வரைக்கும் போகும். அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: இதுவும் லாரிகளில் வரும் ஜேக் பிரேக்கும் ஒன்றா?

இல்லை. ஜேக் பிரேக் வால்வுகளுக்கு மேலே உட்கார்ந்து, கம்ப்ரஷன் முடிகிற நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும், அந்த டமடம சத்தம் அதனால் வருவது. நம்முடையதில் மெல்லிய சீறல் மட்டும்தான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பயம் ஒன்றே. கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931ல் ஒரு டீசல் லாரியில் நாட்டைக் கடந்தபோது கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போய், கீழே குறுக்கே வந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். பல வருடம் கழித்து அவர் கண்டுபிடித்த ஜேக் பிரேக்கைத்தான் ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: 1996 ராம், மேனுவல். கிட் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பூட்டிவிடலாமா?

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். வால்வு ஸ்பிரிங் பார்த்தீர்களா?

தகடு பூட்டுவது அரை நாள் வேலை, அதில் யாரும் பெரிதாகத் தவறு செய்வதில்லை. எஞ்சினைக் கெடுப்பது அதற்குப் பிறகு உண்டாகிற அழுத்தம். எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் ஏறும்போது, மூடியிருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாலிருந்து அது தள்ளுகிறது. பழைய, தளர்ந்த ஸ்பிரிங்கால் பிடித்து நிறுத்த முடியாது. வால்வு சீட்டிலிருந்து எழும்பும், திரும்ப அடித்து உட்காரும், மோசமானால் பிஸ்டனைத் தொடும். அதனால்தான் 60 பவுண்டு ஸ்பிரிங் என்று தனியாக விற்கிறார்கள். 60 பிஎஸ்ஐ வரை ஏற்றும் பிரேக் என்றால் அது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கத்து ஆறு மட்டும் மாற்றினால் போதும்.

ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை, 12 வால்வில் இது பெரிய வசதி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி மூடி. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் வால்வு கீழே விழாமல் பிஸ்டன் மேலேயே நிற்கும். 1ம் 6ம் சேர்ந்து உச்சிக்கு வரும், அடுத்து 2ம் 5ம், பிறகு 3ம் 4ம். ஆக மூன்று நிலையில் ஆறையும் முடிக்கலாம். புஷ் ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு, ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் சின்ன வால்வு லாக்கைக் கழற்றுங்கள், ஒன்று உள்ளே தவறி விழுந்தால் எண்ணெய்ச் சட்டியை இறக்க வேண்டி வரும். முடிந்ததும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, வையுங்கள்: இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் செலவு பிரேக்கோடு நிற்காது. கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்துவது) லாக் ஆகாத வரைக்கும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய்தான் இருக்கிறது, எஞ்சின் பிடிக்கிற பிடி அந்த எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போய்விடும். இந்த ராம்களில் வரும் 47ஆர்ஈ ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் காலை எடுத்ததும் லாக் விடுபடும், கூடவே த்ராட்டில் கேபிள் தளர்வதால் உள்ளே எண்ணெய் அழுத்தமும் குறையும். நீங்கள் ஒரு சுவிட்ச் வைத்து வலுக்கட்டாயமாக லாக் செய்தாலும், அந்தக் குறைந்த அழுத்தத்தில் கிளட்ச் வழுக்கி எரியும். பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வ் பாடியைத் திருத்தி, லாக்கைப் பிடித்துவைக்கும் கன்ட்ரோலரும், நல்ல கன்வெர்ட்டரும் போட்ட பிறகு பிரேக்கைப் பற்றி யோசியுங்கள். ஒரிஜினல் பெட்டியோடு போட வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: டர்போவிலேயே பூட்டுவதா, பைப்பை வெட்டி நடுவில் வைப்பதா?

டர்போ வாயிலேயே பூட்டுவது நல்லது. டர்போவுக்கும் தகடுக்கும் நடுவில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை இடத்திலும் கசியும், கசிகிற ஒவ்வொரு இடத்திலும் பிடி குறையும். நடுவில்தான் வைக்க முடியும் என்றால் அதற்கு முன்னால் வரும் இணைப்பு எல்லாவற்றையும் வெல்டிங் செய்துவிடுங்கள். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டையும் பாருங்கள். புகைக்கரி படிந்த கோடு தெரிந்தால் அங்கே ஏற்கெனவே கசிகிறது என்று அர்த்தம், பிரேக் போட்ட பிறகு அது விசில் அடிக்கும்.

கேள்வி: வயரிங் பயமாக இருக்கிறது சார்.

பயம் வேண்டாம், சங்கிலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ், டேஷ்போர்டு சுவிட்ச், டீசல் பம்ப் லீவரில் ஒரு சின்ன சுவிட்ச், கிளட்ச் பெடலில் இன்னொன்று, கடைசியில் தகடை இயக்கும் சோலினாய்டு (மின்காந்த வால்வு). எல்லாம் ஒரே வரிசையில். எந்த ஒன்று விட்டாலும் பிரேக் விடுபட வேண்டும். கிளட்ச் சுவிட்சை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கியர் மாற்றும்போது எஞ்சின் சக்கரத்திலிருந்து பிரிகிறது, தகடு மூடியே இருந்தால் எஞ்சின் அணைந்துவிடும், இறக்கத்தில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்து போகும். தகடும் கரண்ட் போனால் தானாகத் திறக்கிற வகையாக இருக்க வேண்டும்.

ஒயர் டர்போவுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் முதல் மாதமே ஒரு ஒயர் உருகி ஃபியூஸ் போனது, நல்ல வேளையாகச் சமதரையில்.

கேள்வி: ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக் டீசலில் ஏற்கெனவே ஒரு தகடு இருக்கிறதே, அதையே சுவிட்ச் வைத்து ஓட்டினால்?

அது குளிரில் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்க ஃபோர்டு வைத்தது. பலர் அப்படி ஓட்டுகிறார்கள், பலன் ஓரளவு தெரியும். ஆனால் பாரத்தோடு மலை இறங்குவதற்காகச் செய்ததல்ல, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியவும் வழியில்லை. வால்வு ஸ்பிரிங் கதை அங்கேயும் உண்டு. நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: அழுத்தம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி, இதை இன்னும் பலர் கேட்டிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு, உலோகக் குழாய் வழியாகக் கேஜ் மாட்டுங்கள். குழாய் சில அடி நீளம் இருக்கட்டும், அப்போதுதான் சூடு கேஜுக்கு வராது. சாதாரணத் தகடில் ஒரு துளை இருக்கும், எஞ்சின் வேகம் ஏற ஏற அழுத்தமும் ஏறும், உச்ச வேகத்தில் எல்லை தாண்டாதபடி அந்தத் துளையை அளந்து வைத்திருப்பார்கள். அதனால்தான் 1,500 சுற்றில் பிடி சப்பென்று இருக்கிறது, 2,500க்கு அருகில் கொண்டுபோனால் இழுத்துப் பிடிக்கிறது. அழுத்தத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் வகை, விலை கூடுதல், குறைந்த சுற்றிலும் பிடிக்கும். பணம் இருந்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: பனியில் பயன்படுத்தலாமா?

அணைத்துவையுங்கள். பிடி முழுக்கப் பின்சக்கரத்தில் மட்டும் விழுகிறது, காலி பிக்கப்பில் பின்பக்கம் பாரமே இல்லை, வழுக்கினால் வண்டி சுழலும். மழையிலும் டிரெய்லர் இல்லாமல் போகிறபோது இதே எச்சரிக்கைதான். இன்னொன்று, பல கிட்களில் இந்தப் பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது, பெடலை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 2010 ராம், 6.7. அதற்கும் வாங்கவா?

வாங்காதீர்கள் அம்மா. உங்கள் டர்போவுக்குள்ளேயே அது இருக்கிறது, டேஷ்போர்டில் பட்டனைத் தேடுங்கள்.

கேள்வி: பூட்டி ஒரு வருடம் ஆகிறது, இப்போது தகடு அசைய மாட்டேன் என்கிறது.

கரி பிடித்துவிட்டது. கோடையில் சமவெளியிலேயே ஓட்டினீர்களா? பயன்படுத்தாமல் வைத்தால் தகட்டின் அச்சில் கரி இறுகிவிடும். அதிகச் சூட்டைத் தாங்கும் மசகு போட்டு, கையால் மெல்ல ஆட்டி விடுவியுங்கள், சாதாரண கிரீஸ் எரிந்து இன்னும் மோசமாக்கும். அதற்குப் பிறகு டிரெய்லர் இல்லாத நாளிலும் சிவப்பு சிக்னலுக்கு வரும்போது ஒரு தடவையாவது போட்டு எடுங்கள்.